மனப்பாடமும் மெய்யுணர்வும்: தமிழ்க் கிறித்தவ மறைக்கல்வி வரலாற்றில் ஒரு சிக்கல் (1542–1744)

திருக்குறளில் 'கல்வி' என்னும் அதிகாரம் பொருட்பாலின் அரசியலில் அமைந்துள்ளது. 'மெய்யுணர்தல்' அறத்துப்பாலின் துறவறவியலில் அமைந்துள்ளது. கற்றல் வேறு, மெய்ப்பொருளை உணர்தல் வேறு என்னும் கருத்து இவ்வைப்பு முறையிலேயே அடங்கியுள்ளது எனலாம். கிறித்தவ மறையிலும் இதனை ஒத்த சிந்தனை உண்டு. பவுலின் பெயரால் வழங்கும் திமோத்தேயுவுக்கான இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம், ஓயாமல் கற்றும் உண்மையைச் சென்றடையாத ஒரு கூட்டத்தாரைச் சுட்டுகிறது. இவ்விடம் கிறித்தவ வரலாறு நெடுகிலும் ஒரு சாரார் மற்றொரு சாராரைக் குறை கூறுவதற்குப் பயன்பட்டு வந்துள்ளது. கத்தோலிக்கரைச் சீர்திருத்தச் சபையாரும், சீர்திருத்தச் சபையின் கோட்பாட்டு அறிஞர்களை அச்சபையிலேயே தோன்றிய பத்திநெறியாளரும் ('பியட்டிஸ்ட்' என அறியப்படுவோர்) இவ்வாறே சாடினர்.

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறுகள் முதல் அச்சுநூல், முதல் அகராதி, முதல் மொழிபெயர்ப்பு என்றவாறு நூல்களைக் கணக்கிடுவதில் பெரிதும் ஊக்கம் காட்டியுள்ளன. அந்நூல்களைக் கற்றவர் எதை உணர்ந்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவை முத்துக்குளித்துறை, மதுரை, யாழ்ப்பாணம், தரங்கம்பாடி ஆகிய நான்கு களங்களில் வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

மணியோசையும் மனப்பாடமும்

1536–37ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். கடலில் தமக்குப் போட்டியாக இருந்தோரிடமிருந்து போர்த்துக்கீசியரின் காவல் கிடைக்கும் என்பது இம்மாற்றத்திற்கு முதன்மையான காரணம் என்பதை வரலாற்றாசிரியர் மறுப்பதில்லை. திருமுழுக்கு அளித்த குருக்கள் கொச்சிக்குத் திரும்பிவிட்டனர். போதிப்பார் எவரும் இலர். பெயரளவில் கிறித்தவராயிருந்த இம்மக்களிடம் 1542ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார்.

அவர் 1544 சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமில் உள்ள தம் சபையினருக்கு எழுதிய மடல் இப்பொருளில் தலையாய சான்றாகும். மக்களின் மொழி தமக்கும் தம் மொழி அவர்களுக்கும் தெரியாத நிலையில், இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டிப் பல நாள் முயன்று, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னை மன்றாட்டு முதலியவற்றைத் தமிழாக்கியதாக அவர் கூறுகிறார். பின்னர் அவற்றைத் தாமே நெட்டுருச் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருவில் சென்று, சிறுவரையும் பெரியோரையும் நாளுக்கு இருமுறை திரட்டிச் சொல்லிக் கொடுத்தார். கற்ற சிறுவர் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு கூறையும் சொல்லி, 'இதனை நம்புகிறீரா' என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடித்து உரத்த குரலில் நம்புவதாக விடையிறுப்பர்.

இங்கு ஆசிரியரும் மாணவரும் ஒரே நிலையில் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது. சொல்லிக் கொடுத்தவருக்குத் தாம் சொல்லும் தமிழ்ச் சொற்களின் பொருள் தனித்தனியே தெரியாது. சொல்லக் கேட்டவருக்கு அச்சொற்கள் சுட்டும் கோட்பாடு தெரியாது. மனப்பாடம் ஒன்றே இருவரையும் இணைத்தது.

இதன் விளைவு 1544ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் சவேரியார் ஒரு திருத்தத்தை அனுப்புகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வருவதை நிறுத்தி, 'விசுவாசம்' என்பதன் வடிவத்தைச் சொல்லுமாறு பணிக்கிறார். 'வேணும்' என்பதற்கு 'விரும்புகிறேன்' என்பதே பொருள், 'நம்புகிறேன்' என்பதன்று என அவருக்கு யாரோ உணர்த்தியிருக்க வேண்டும். அதுவரை ஓராண்டுக்கு மேலாக, கடவுளைத் தாம் நம்புவதாக அறிக்கையிடுகிறோம் என்று குரு எண்ணியிருக்க, மக்கள் கடவுள் தமக்கு 'வேணும்' என்று சொல்லி வந்திருக்கின்றனர்.

மறைபரப்பு வரலாற்றை எழுதியோர் இதனை ஒரு வேடிக்கையான பிழையாகவே குறித்துச் செல்வர். தமிழ் மாணாக்கர் அவ்வாறு கடந்து செல்ல இயலாது. பத்தி இலக்கியத்தில் அடியார் இறைவன்முன் வைக்கும் விண்ணப்பத்திற்கு உரிய வினைச்சொல் 'வேண்டும்' என்பதே. கோட்பாட்டை அறிவால் ஒப்புக்கொள்ளும் இலத்தீன் வினைக்கு இது நேரானதன்று. ஆயினும், கடவுளை நோக்கி ஒரு தமிழ்ப் பரதவர் சொல்லத்தக்க சொற்களுள் இதனினும் இயல்பான ஒன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. பிழையான சொல்லில் உணர்வும், திருந்திய சொல்லில் கோட்பாடும் இருந்தன என்று கூறுவது மிகையாகலாம். எனினும், 'பொருள் தெரியாமல் ஒப்பித்தனர்' என்னும் ஒற்றை வரியால் அம்மக்களின் நிலையை விளக்கிவிட முடியாது என்பது உறுதி.

அதே சனவரி மடலில் மற்றொரு செய்தியும் உள்ளது. நோயுற்றோர் அழைக்கும் இல்லங்களுக்குத் தம்மால் செல்ல முடியாதபோது, செபங்களை மனனம் செய்த சிறுவரைச் சிலுவையுடன் அனுப்பி ஓதச் செய்ததாகச் சவேரியார் எழுதுகிறார். ஓதப்பட்ட சொற்கள் நோய் தீர்க்கும் ஆற்றல் உடையன என்று மக்கள் கொண்டனர். மந்திரம் என்பதன் தன்மையை அறிந்த ஒரு சமுதாயம் புதிய செபங்களையும் அவ்வகையில் புரிந்துகொண்டது இயல்பே. இதுவும் ஒரு புரிதல்தான். குரு கருதிய புரிதல் அன்று என்பது வேறு.

இம்மடலின் புகழ்பெற்ற பகுதியோ முத்துக்குளித்துறையைப் பற்றியதன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்குச் சென்று, அறிவு இழந்தவனைப் போலக் கூவ வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாக அவர் எழுதுகிறார். அங்குள்ளோர் கல்வியைத் தேடும் அளவிற்கு அதனால் விளைய வேண்டிய பயனைத் தேடுவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. சவேரியார் தாமே பாரிசில் பயின்று, அங்கு மெய்யியல் கற்பித்தவர். ஆகவே இது வெளியாள் ஒருவரின் ஏச்சு அன்று. கற்றும் உணராதோர் என்று அவர் சுட்டியவர் மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ எழுத்தறியாமல் ஒப்பித்த சிறுவர் அல்லர். இறையியலைக் கரை கண்ட பட்டதாரிகளே அவ்வாறு சுட்டப்பட்டனர்.

அண்டிரிக் அடிகளாரின் திருத்தம்

1547 அளவில் முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். முன்னைய செபங்களில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டு திருத்தினார். அவர் காலத்தில் கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களிலும், கொச்சியில் 1579இல் 'கிரிசித்தியானி வணக்கம்' அதனினும் விரிவாகவும் அச்சேறின. பின்னதற்கு மூலம் மார்க்கோஸ் சோர்ச் என்னும் இயேசு சபையாரின் போர்த்துக்கீசிய நூல். வினாவும் விடையுமாக அமைந்தது அது. 1580இல் 'கொம்பெசியொனாயரு'வும், 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு'ம் வெளிவந்தன.

இந்நூல்களின் வரிசைமுறை கருதத்தக்கது. முதலில் செபம், அடுத்து வினாவிடை, பின்னர் பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் நூல், இறுதியில் கதை. செபத்தையும் விடையையும் பொருளறியாமல் ஒப்பிக்கலாம். தன் குற்றத்தைத் தானே நினைந்து தன் சொல்லால் கூறுவதை மனப்பாடம் செய்ய இயலாது. மறைக்கல்வி ஒருவரின் வாழ்வைத் தொடும் இடம் அதுவே. 'தம்பிரான் வணக்க'த்தின் அச்சு முதன்மையைப் பற்றி எழுதப்பட்டுள்ள அளவில் ஒரு சிறு பங்கும் 'கொம்பெசியொனாயரு' பற்றி எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

பறங்கிக் குலம்

மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியும் அந்நகரத்தார் ஒருவரும் மனம் மாறவில்லை. 1606இல் அங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, அதாவது தத்துவ போதக சுவாமிகள், இதற்கான காரணத்தை ஆராய்ந்தார். கிறித்தவத்தில் சேர விருப்பமா என்று கேட்பதாக எண்ணி, 'பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா' என்னும் பொருள்படவே துபாசிகளும் குருக்களும் கேட்டு வந்தனர் என்பது அவர் கண்டறிந்தது. கேட்டவர் வினாவைச் சரியாகவே புரிந்துகொண்டு, தம் குலத்தை விட விருப்பமில்லை என்று மறுத்தனர். புரியாமல் இருந்தவர் கேள்வி கேட்டவரே.

நொபிலி மனப்பாட முறையைப் பின்னுக்குத் தள்ளித் தருக்க முறையை முன்வைத்தார். 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிர்ணயம்', 'தூஷண திக்காரம்' ஆகியன அவ்வழி எழுந்தவை. அறிவால் ஒப்புக்கொண்ட பின்னரே திருமுழுக்கு என்பது அவர் கொள்கை. எனினும் அவருடைய வடமொழி கலந்த உரைநடை எத்தனை பேரை எட்டியது என்பது வேறொரு வினா. பிற்காலத்தில் பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்கள் எளிய மக்களிடையே பணியாற்ற நேர்ந்ததே அதற்கு விடையாகலாம்.

யாழ்ப்பாணத்துத் தோம்பும் பள்ளியும்

கல்வி உணர்வில் முடியாமைக்கு வரலாற்றறிஞர் பெரிதும் காட்டும் சான்று ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணமாகும். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவர்கள் விட்டுச் சென்ற கோயிற்பற்றுகளையும் பள்ளிகளையும் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாக்கினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். பிலிப்பு பால்தேயு என்னும் போதகர் தமிழ் கற்று, ஊர் ஊராகப் பள்ளிகளை மேற்பார்த்தார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெருநூலில் கர்த்தர் செபமும் தமிழில் இடம்பெற்றுள்ளது.

இவ்வமைப்பு நிருவாக நோக்கில் மிகச் செம்மையானது. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடில் பெற்றோருக்குத் தண்டம் உண்டு. பள்ளிச் சட்டம்பியாரே திருமுழுக்கு, திருமணப் பதிவுகளையும் பேணினார். பள்ளித் தோம்பில் பெயர் இல்லாதவர் தம் மணத்தையோ மரபுரிமையையோ நிலைநாட்டுதல் அரிது. அரசுப் பதவிக்குத் திருமுழுக்கு இன்றியமையாதது. ஆகவே பிள்ளைகள் வந்தனர், செபம், கட்டளைகள், வினாவிடை ஆகியவற்றை ஒப்பித்தனர், சோதனையில் தேறினர். வீட்டிற்குச் சென்று திருநீறு அணிந்தனர். 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து கட்டாயம் தளர்ந்தபின், ஏட்டில் பெருந்தொகையாக இருந்த அச்சபை மிக விரைவில் உருக்குலைந்தது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களில் ஒல்லாந்தர் கோயில்களின் பாழ்பட்ட கட்டடங்களே அவர்களுக்குக் கிடைத்தன.

'கற்றும் உணராதோர்' என்று இம்மக்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசனரி நூல்கள் இரங்கிக் கூறுகின்றன. இக்கருத்தை ஏற்பதற்கில்லை. இக்கல்வி எதற்காக வழங்கப்படுகிறது என்பதை யாழ்ப்பாணத்தார் மிகத் தெளிவாகவே உணர்ந்திருந்தனர். காணியும் பதவியும் பெறுவதற்குரிய வழியாக அது வைக்கப்பட்டது, அவ்வாறே கொள்ளப்பட்டது. தேர்வுக்காக உரையை நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் நம் மாணவரை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. அம்மாணவரை உருவாக்கும் வினாத்தாள் நம்முடையது.

ஒல்லாந்தர் 1658இலேயே தூத்துக்குடியையும் கைப்பற்றினர். பால்தேயு அங்குப் பரவரைச் சீர்திருத்தச் சபைக்குத் திருப்ப முயன்றார், முடியவில்லை. நூறாண்டுகளுக்கு முன் பொருளறியாமல் ஒப்பித்தவரின் வழித்தோன்றல்கள் உறுதியாக நின்றனர். பொருள் விளக்கப்பட்டு, சோதிக்கப்பட்டுத் தேறிய யாழ்ப்பாணத்து மாணாக்கர் நிற்கவில்லை. இதனைக் கொண்டு மனப்பாடமே மேலானது என்று முடிவு கட்டுவதும் தவறாகும். பரவரிடையே கத்தோலிக்கம் குல அமைப்புடனும் சாதித்தலைவரின் அதிகாரத்துடனும் பிணைந்துவிட்டது. அவர்கள் காத்தது கோட்பாட்டையா, குலத்தையா என்பதைப் பிரித்தறிதல் அரிது. யாழ்ப்பாணத்திலேயே ஒல்லாந்தரின் தடையை மீறிக் கத்தோலிக்கராய் இருந்த குடும்பங்களும் இருந்தன. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் (2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர்) இரவு நேரங்களில் அவர்களைச் சந்தித்தார். இழப்பதற்கு ஏதேனும் இருந்த இடத்தில் கல்வி வேறாகப் பதிந்தது போலும்.

யாழ்ப்பாணத்துக் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஆறுமுக நாவலர், கிறித்தவ மறையை அவர் காலத்துப் பெரும்பாலான கிறித்தவரினும் நன்கு கற்றவர். அக்கல்வி அவரைச் சைவத்திற்கே மேலும் அழுத்தமாகக் கொண்டு சென்றது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளுக்கெனச் 'சைவ வினாவிடை' எழுதினார். கிறித்தவப் பள்ளியின் வடிவம் சைவத்திற்கு வந்து சேர்ந்தது. அங்கும் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்தனர்.

தரங்கம்பாடி: மணலில் எழுதிய மாணவர்

செருமனியில் லூத்தரன் சபையினுள் 'உணர்வில்லாக் கல்வி' என்னும் குறைபாட்டை மையமாகக் கொண்டே ஓர் இயக்கம் எழுந்தது. பிலிப்பு யாக்கோபு ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட சிறுநூல் அதன் தொடக்கம். பல்கலைக்கழக இறையியல் வாதப்போர்களில் மூழ்கியுள்ளது. கற்பவரின் வாழ்வு மாறவில்லை. கோட்பாட்டுச் செம்மை மட்டும் ஒருவனைக் கிறித்தவனாக்காது என்பன அவர் கருத்துகள். அவர் வழிவந்த ஔகுஸ்து எர்மன் பிராங்கே, ஹாலே நகரில் அநாதை இல்லமும் பள்ளிகளும் கண்டார். அங்குச் சிறிது காலம் பயின்ற சீகன்பால்கு 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார்.

நூற்கல்வியை ஐயுற்ற இயக்கத்திலிருந்து வந்த இவர், தமிழகத்தில் செய்த முதற்செயல் கற்கத் தொடங்கியதே. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கே பள்ளியை மாற்றிக்கொள்ளச் செய்து, சிறுவருடன் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். தமிழ்த் திண்ணைப் பள்ளியில் பாடம் முதலில் ஓசையாகவும் எழுத்தாகவும் செவிக்கும் கைக்கும் ஏறும். பொருள் பின்னரே வரும். ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் எண்சுவடியும் அவ்வாறே கற்கப்பட்டன. ஐந்து வயதில் ஒப்பித்தது ஐம்பது வயதில் விளங்கும் என்பது அம்முறையின் நம்பிக்கை. மனப்பாடத்தை உணர்வின் பகையாகக் கருதிய ஹாலேயின் மாணவர், மனப்பாடத்தை உணர்வின் வாயிலாகக் கருதிய மரபில் அமர்ந்து கற்றார். சவேரியாரின் மணியோசைக் கல்வியையும் இம்மரபின் பின்னணியில் வைத்துக் காண்பதே முறை. தம்மை அறியாமலே அவர் திண்ணையின் வழியைப் பின்பற்றியிருந்தார்.

சில ஆண்டுகளில் சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி 1708இல் அவற்றிற்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். 1712 முதல் 1714 வரை தமிழர் பலரிடம் மடல் வழியே வினாக்கள் எழுப்பப்பட்டு, பெற்ற ஏறக்குறைய நூறு விடைமடல்கள் செருமானிய மொழியில் ஹாலே அறிக்கைகளில் வெளியிடப்பட்டன. நீங்கள் ஏன் கிறித்தவ மறையை ஏற்பதில்லை என்ற வகை வினாக்களுக்கு வந்த விடைகள் படிக்கத்தக்கவை. போதனை நன்றாகவே உள்ளது, ஆனால் அதனைக் கொண்டுவந்தோரின் நடை அவ்வாறில்லை என்பது அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து. கோட்டையில் வாழும் ஐரோப்பியரின் குடியும் ஒழுக்கக்கேடும் சுட்டப்படுகின்றன. ஸ்பேனர் செருமானிய ஆயர்களை நோக்கிக் கூறியதையே தரங்கம்பாடிச் சுற்றுப்புறத்துத் தமிழர், அவரைப் படிக்காமலேயே, கூறினர்.

சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி ஒரு பெருநூலை எழுதி முடித்து ஹாலேக்கு அனுப்பினார். தமிழரின் சமயத்தைத் தமிழரின் சுவடி, வாய்மொழி வழியே புரிந்துகொள்ள ஓர் ஐரோப்பியர் செய்த தொடக்கக்கால முயற்சிகளுள் இது தலைசிறந்தது. பிராங்கே இதனை அச்சிட மறுத்தார். மிசனரிமார் அனுப்பப்பட்டது அஞ்ஞானத்தை வேரறுப்பதற்கே, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் நிலைப்பாடு. நூல் 1867 வரை, அதாவது 154 ஆண்டுகள், அச்சேறவில்லை. உணர்வில் முடியாத கல்வியைக் கண்டித்து எழுந்த நிறுவனம், உணர்வில் முடிந்த ஒரு கல்வியை அலமாரியில் வைத்துப் பூட்டியது. சீகன்பால்குவின் மீதான குறை அத்துடன் நிற்கவில்லை. கோப்பன்கேகன் மிசன் சங்கத்தின் செயலர் வெந்த், கட்டடமும் பள்ளியும் அச்சகமும் அப்போஸ்தலரின் எளிமைக்கு மாறானவை என்று கடிந்து மடல் எழுதினார். மனமும் உடலும் நொந்த நிலையில் சீகன்பால்கு 1719இல் தம் 36ஆம் வயதில் மறைந்தார்.

உபதேசியார்

இதுகாறும் கூறியவற்றில் குருவும் மக்களும் மட்டுமே இடம்பெற்றனர். இவ்விருவருக்கும் இடையே நின்றவர் உபதேசியார். குரு ஊருக்கு ஆண்டிற்கு ஓரிரு முறையே வருவார். மற்ற நாள்களில் செபம் சொல்லிக் கொடுப்பதும், சாகும் தறுவாயில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும், வழக்குத் தீர்ப்பதும் உபதேசியாரின் கடமைகள். மறைக்கல்வி உணர்வாவதும் ஓசையாகவே நின்றுவிடுவதும் அவர் கையில் இருந்தன.

இதனை நன்குணர்ந்தவர் வீரமாமுனிவர். உபதேசியாருக்கெனவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை 1727இல் இயற்றினார். தலைப்பே கருத்தை விளக்கும். 'வேதியர் கல்வி' என்றோ 'வேதியர் வினாவிடை' என்றோ அவர் பெயரிடவில்லை. கற்பிப்போன் முதலில் தான் கற்பிப்பதன் வழி நிற்றல் வேண்டும் என்பதை உரைநடையில், உபதேசியார் படித்துணரும் தமிழில், எழுதினார். தரங்கம்பாடியாருடன் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' ஆகிய நூல்களால் கடுமையாக வாதிட்டவர் இவர். எனினும் உபதேசியாரைப் பற்றிய கவலையில் இரு தரப்பினரும் வேறுபட்டிலர். தரங்கம்பாடியார் 1716இல் உபதேசியார் பயிற்சிக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தனர்.

அதே முனிவரின் 'பரமார்த்த குரு கதை'யை நகைச்சுவை நூலாகவே நாம் படித்து வருகிறோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐவரும் தம் குருவின் சொல்லை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகின்றனர். ஒவ்வொரு முறையும் கேடு விளைவது சொல்லை மறந்ததால் அன்று, சொல்லை மட்டும் நினைவில் வைத்ததால். இந்து மடங்களை எள்ளுவதற்கே இது எழுதப்பட்டது என்று கூறுவோர் உளர். இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைக்கல்வி புகட்டி, உபதேசியார்களின் ஒப்பித்தலைக் கேட்டு, அவர்களுக்கென ஒழுக்கநூலும் எழுதிய ஒருவர், குருவையும் சீடரையும் பற்றிக் கதை புனையும்போது தம் பணியை நினையாமல் இருந்திருப்பார் என்று கொள்வது கடினம். அக்குருவின் பெயர் 'பரமார்த்தர்' என்பதையும், அச்சொல்லுக்கு மேலான மெய்ப்பொருள் என்பதே பொருள் என்பதையும் தமிழறிந்தோர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை.

சவேரியார் 1544இல் 'வேணும்' என்பதை நீக்கி வைத்த 'விசுவாசம்', சீர்திருத்தச் சபையாரின் பிரமாணத்தில் 'விசுவாசிக்கிறேன்' என இன்றளவும் ஒலிக்கிறது. கத்தோலிக்கர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 'நம்புகிறேன்' என மாற்றிக்கொண்டனர். 'விசுவாசப் பிரமாணம்' என்னும் தொடரும் அவர்களிடம் 'நம்பிக்கை அறிக்கை' ஆயிற்று. வடசொல்லை நீக்குதல் என்பது அம்மாற்றத்திற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. பழைய சொல்லிலேயே ஓதிப் பழகிய முதியோர் சிலர் பூசையில் மற்றவர் 'நம்புகிறேன்' என்னும்போது தாம் மட்டும் தாழ்ந்த குரலில் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்வதைக் கேட்க முடிந்தது.